சந்தனம் வைத்த பாக்கெட்டில் குறை சொல்வது எப்படி

திங்கட்கிழமை முதல் அந்த ஜன்னலோர மேசையில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறீர்கள். யார் என்று நம் டிசைன் ஸ்டுடியோ இன்னும் முடிவு செய்யவில்லை. யாருக்கும் அந்த இடத்தின் மேல் பெரிய ஆசை இருப்பதாகவும் தெரியவில்லை. இணையதளமோ, அட்டைப்பெட்டியோ, பத்திரிகை அட்டையோ, நம்மிடமிருந்து வெளியே போகும் எதுவும் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே உட்காருபவருக்குக் குறை சொல்வதற்குத்தான் சம்பளம். முப்பத்தைந்து வயதில் நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இனி நானே எதையாவது வடிவமைத்து, பிறர் குறை சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று எண்ணம். எங்கள் வீட்டில் இதைத் துணிச்சல் என்கிறார்கள். ஸ்டுடியோவில் நியாயம் என்கிறார்கள்.

எழுத்தின் அளவு, நிறங்களின் பொருத்தம், கண் முதலில் எங்கே போகும் என்பதெல்லாம் கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் பொறியியல் படித்துவிட்டு, அவற்றையெல்லாம் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். நல்ல பட்டியல்தான். தஞ்சாவூரில் எழுதப்படவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த ஊரில் எந்த டிசைனைக் காட்டினாலும் முதலில் வரும் பதில் 'நல்லா இருக்கு'. அதில் பல வகை உண்டு. காட்டிய கையோடு வந்தால், அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. கொஞ்சம் தாமதித்து, 'நல்லாத்தான் இருக்கு' என்று வந்தால் பிடிக்கவில்லை. 'நல்லா இருக்கு, வீட்ல ஒரு தடவை காட்டிட்டு சொல்றேங்க' என்றால் வேலையை வேறு யாரிடமோ கொடுத்தாகிவிட்டது. கும்பகோணத்தில் ஒரு காப்பித்தூள் கடைக்கு இணையதளம் செய்தோம். திறந்தவுடன் டபராவிலிருந்து டம்ளருக்குக் காப்பி ஆற்றுவது போன்ற அசைவு. ஆற்றி முடித்து நுரை அடங்கிய பிறகுதான் கடையின் பெயரே தெரியும். முதலாளி ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார். "ரொம்ப நல்லா இருக்குங்க. பாத்தவங்க எல்லாம் பாராட்டுறாங்க. ஃபோனு மட்டும் வரவே மாட்டேங்குது." எண்ணைத் தேடிப் பார்த்தோம். அது நுரைக்கு அடியில் இருந்தது.

இன்னொன்று, ஒரு கண்காட்சிக்காகத் தரையில் காவிரியை ஒளியாக ஓடவிட்டோம். அதன் மேல் நடந்தால் மீன்கள் சிதறி ஓடும், நின்றால் காலைச் சுற்றி வரும். அதற்காக எங்கள் ஆட்கள் பல வாரம் உழைத்திருந்தார்கள். திறப்பு நாளில் கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரமாக மரியாதையாக நின்றது. ஒருவர்கூடக் காலை வைக்கவில்லை. ஓர் அம்மாள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஒரு நாணயத்தைப் போட்டார். பிறகு எல்லோரும் போட்டார்கள். மூலையில் நின்றிருந்த வடிவமைப்பாளர், ஒரு மீனாவது ஓடாதா என்று மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்பாடு செய்தவர்கள் அதை மாபெரும் வெற்றி என்றார்கள். அடுத்த ஆண்டும் அதே மாதிரி வேண்டும், பக்கத்தில் ஓர் உண்டியலும் வேண்டும் என்றார்கள்.

சிரிக்கிறீர்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க மாட்டீர்கள். இன்று உங்களிடம் சொல்ல நினைத்தது ஓர் அரிசிப் பாக்கெட்டின் கதை. குறை சொல்லும் வேலையில் எனக்குத் தெரிந்த பெரும்பாலானவை அதிலேயே இருக்கின்றன.

மகேஸ்வரி திருவாரூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய மாமனார் காலத்தில் அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியது. இப்போது கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை. கணவர் சிங்கப்பூரில். மகேஸ்வரி வேதியியல் படித்தவர்; சாகுபடிக் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். அந்த ஆண்டு சம்பா பட்டத்தில், வழக்கமான ரகத்தை விட்டுவிட்டுக் கருப்புக் கவுனி போடலாம் என்று வீட்டில் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். மகசூல் குறைவு என்று தெரிந்துதான் போட்டார். அறுவடை முடிந்து அரைத்து வந்த அரிசி மூட்டையாக வீட்டுக்குள் அடுக்கி இருந்தது. உள்ளூர் வியாபாரிகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா கருகின மாதிரி இருக்கு" என்று விலையை அடிமட்டத்தில் கேட்டார்கள்.

சென்னையில் நாலைந்து கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடை மட்டும் ஆர்வம் காட்டியது. ஆனால் அதை நடத்தும் பெண்மணிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடையில் எந்த உருவத்தில் விற்கப் போகிறீர்களோ அதே உருவத்தில் பாக்கெட்டை அனுப்ப வேண்டும். அதில் எழுதியிருப்பதைப் பார்த்து அவர்களே சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், முடிவு சொல்வார்கள். ஃபோனில் விளக்கம் சொல்லக் கூடாது. "வாங்குறவங்க வீட்டு அடுப்பாங்கரையில நீங்க வந்து நிக்கப் போறதில்லையேம்மா" என்றாராம்.

எங்களிடம் வந்தபோது மகேஸ்வரி இதையெல்லாம் தெளிவாகச் சொன்னார். கடைசியில் இதையும் சொன்னார்: "இந்தத் தடவை இது போகலைன்னா அடுத்த பட்டத்துக்குப் பழைய ரகத்துக்கே போயிடலாம்னுட்டாங்க எங்க மாமா. அப்புறம் நான் எதைப் பேசினாலும் கவுனியைத்தான் காட்டுவாங்க."

வேலையைக் கதிரிடம் கொடுத்தார்கள். கதிரை உங்களுக்குத் தெரியாது. இப்போது பெங்களூரில் பெரிய இடத்தில் இருக்கிறார். இதை உங்களிடம் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "என்னைக் கொஞ்சம் நல்லவனா காட்டுங்கக்கா" என்றார். முயன்று பார்க்கிறேன். ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் என்னை 'அக்கா' என்பார். கோபம் வந்தால் 'மேடம்'.

நம் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களில் சென்னையிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாமியிடம் வைப்பார்கள். அதன் பிறகு அந்தப் பத்திரிகையில் தப்புக் கண்டுபிடித்தால் கல்யாணத்திலேயே தப்புக் கண்டுபிடித்த மாதிரி. இது பத்திரிகையோடு நிற்பதில்லை. கடைப் பலகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, எது புதிதாக வந்தாலும் பூஜை உண்டு. ஒரு நகைக்கடை முதலாளி எங்கள் இணையதளத்தைத் திறந்து வைத்த அன்று லேப்டாப்புக்குக் கற்பூரம் காட்டினார். கீபோர்டில் விழுந்த குங்குமத்தை எடுக்கவே முடியவில்லை. அந்தத் தளத்தில் நான் கண்டிருந்த எழுத்துப் பிழைகளைச் சொல்ல வாய் திறந்ததும், "நல்ல நேரத்துல எதுக்கும்மா அந்தப் பேச்சு" என்றார். பிழைகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

ஆகவே ஸ்டுடியோவில் ஒரு விதி வைத்திருந்தோம். என் மேசையைத் தாண்டாத எதையும் வாடிக்கையாளர் கையில் கொடுக்கக் கூடாது. கையில் கிடைத்தால் கோயிலுக்குப் போய்விடும்.

கவுனிப் பாக்கெட் அச்சாகி வந்த வாரம் நான் வேறு வேலையாக முத்துப்பேட்டையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை, வளர்பிறை, முகூர்த்த நாள். அதை விட்டால் அந்த மாதம் நல்ல நாள் இல்லை என்று மகேஸ்வரி வீட்டில் அவசரப்படுத்தினார்கள். கதிர் தானே பைக்கில் கொண்டுபோய் ஒரு கட்டுப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வந்தவர் பொங்கலும் சுண்டலும் கொண்டுவந்து ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். எனக்கும் எடுத்து வைத்திருந்தார்கள். புதன்கிழமை நான் வந்தபோது அது கெட்டுப்போயிருந்தது. பாக்கெட்டை மேசையில் வைத்திருந்தார்கள்.

அழகான பாக்கெட். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பளபளப்பில்லாத கறுப்பு. அதன் மேல் மெல்லிய தங்கக் கோடுகள், நாற்றங்காலைத் தொலைவிலிருந்து பார்ப்பது போல. கோபுரம் இல்லை, ஏர் பிடிக்கும் கிழவர் இல்லை, மாடு இல்லை. தஞ்சாவூரில் ஓர் அரிசிப் பாக்கெட்டில் மாட்டைப் போடாமல் விடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. பின்பக்கம் திருப்பினேன். சமைக்கும் முறை இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பின் மேல் அடர்ந்த சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி: 'மென்மையை இரவு கற்றுத்தரும்.'

கதிரைக் கூப்பிட்டேன்.

"சமைக்கிற முறை எங்கே?"

"அதான் இருக்கே."

"எங்கே இருக்கு?"

"மென்மையை இரவு கற்றுத்தரும். அதாவது முந்தின நாள் ராத்திரி ஊறவைக்கணும். ஊறவெச்சா மென்மையா வேகும். சொல்லியிருக்கேன்லக்கா?"

"இதைப் படிச்சா கவுனி ஊறவைக்கணும்னு தெரியுமா?"

"உணர வைக்கணும்க்கா. எல்லாத்தையும் போட்டு உடைக்கக் கூடாது."

"இது அரிசி, கதிர்."

அவர் முகம் மாறியது. "மேடம், இப்ப எதுக்கு இந்தப் பேச்சு? பாக்கெட்டை அய்யனார் கோயில்ல வெச்சுப் பூஜை போட்டாச்சு. நாலு மூலையிலயும் சந்தனம் வெச்சுட்டாங்க. இப்பப் போய் மாத்தணும்னா அவங்க மனசு என்ன பாடுபடும்? நம்பிக்கையை மதிக்கணும் இல்லையா?"

கதிரின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்திருந்தால் இந்த இடத்தில் நீங்களும் என்னைப் போலவே நாற்காலியில் சாய்ந்திருப்பீர்கள். பண்டிகை தவறாமல் மூடநம்பிக்கையைப் பற்றி எழுதுபவர் அவர். தன் டிசைனைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் ஒரே வாரத்தில் பக்தராகியிருந்தார். ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். யாரும் தன் டிசைனைத் தானே நின்று காப்பாற்றுவதில்லை. வாடிக்கையாளர், வாசகர், பாரம்பரியம், பட்ஜெட் என்று யாரையாவது முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்பார்கள். அய்யனாரை நிறுத்தியவர் கதிர் ஒருவர்தான்.

நான் வாதாடவில்லை. வாதத்தில் யாருடைய டிசைனும் மாறியதாக எனக்கு நினைவில்லை. ஒரு பாக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். "இதை உங்க வீட்ல குடுத்துச் சமைக்கச் சொல்லுங்க. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லக் கூடாது. பாக்கெட்டே சொல்லட்டும்."

"தாராளமா" என்று வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு டிபன் பாக்ஸை வைத்தார். நான் திறந்து, இரண்டு பருக்கையை வாயில் போட்டுக் கடித்தேன். கடிப்பதற்கு முயன்றேன் என்பது சரியாக இருக்கும்.

"உங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க?"

"இது அரிசியா, ரோடு போடுற ஜல்லியான்னு கேட்டா." கதிர் உட்கார்ந்தார். "குக்கர்ல வெச்சா. விசில் வந்துக்கிட்டே இருக்கு, வேகலை. அப்புறம் தண்ணி வத்தி அடி பிடிச்சிருச்சு. நான் வாயே திறக்கலைக்கா, சத்தியமா. கடைசியா பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுட்டு, 'இரவு கற்றுத்தரும்னா, நாளைக்கு வரைக்கும் அடுப்பிலேயே வெச்சிருக்கணுமா'ன்னு கேக்குறா."

சென்னைக்கு மறுநாள் மாலைப் பேருந்தில் பார்சல் போயாக வேண்டும். சனிக்கிழமை காலையில் அந்தக் கடை அடுப்பில் இதே ஜல்லி வேகாமல் கிடக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"புதுசா அச்சடிக்க நேரம் இல்ல" என்றார் கதிர்.

"நேரம் இருந்தாலும் சாமி இருக்கே" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கதிரோடு காரில் கிளம்பி மகேஸ்வரி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சாமி படங்களுக்கு நடுவில் எங்கள் பாக்கெட் நின்றுகொண்டிருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். கறுப்புக்கும் தங்கத்துக்கும் மேலே அந்தப் பூ எடுப்பாகவே இருந்தது. கதிர் ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு, "வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றார்.

கதிர் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மகேஸ்வரி பின்னால் நான் சமையலறைக்குள் போனேன். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஊறவைக்கலையா?"

"பாக்கெட்டைப் பாத்துச் சமைச்சது."

அவர் பருக்கையைத் திரும்ப டிபன் பாக்ஸில் போட்டார். "நானும் படிச்சேன் மேடம், அன்னிக்கே. ஒண்ணும் புரியலை. கவிதை மாதிரி இருக்கே, இதெல்லாம் இப்படித்தான் எழுதுவாங்க போலன்னு விட்டுட்டேன்."

"மாத்தலாமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எனக்கு இந்தச் சந்தனம், குங்குமத்துல எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க மாமாதான். அவங்க ஆசையா கோயில்ல வெச்சுட்டு வந்தாங்க. இப்ப மாத்தணும்னா அபசகுனம்னு நினைப்பாங்க. ஏற்கனவே அரை மனசாத்தான் இருக்காங்க. இதைச் சாக்கா வெச்சுக் கவுனியே வேண்டாம்னுடுவாங்க."

டீ குடித்த பிறகு மாமனார் என்னை வயலைப் பார்க்க அழைத்தார். வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றார்.

"பாக்கெட்ல ஏதோ தப்பாமே. அந்தத் தம்பி மூஞ்சியைப் பாத்தா தெரியுது."

சொன்னேன்.

"ஊறவைக்காம வேக வெச்சா அது எங்க வேகும்?" என்று சிரித்தார். பிறகு மருமகளைப் போலவே குரலைத் தாழ்த்தினார், அங்கே ஒரு கொக்கைத் தவிர யாரும் இல்லை. "மாத்துறதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் சாமியே கும்பிடுறதில்ல, அந்தக் காலத்துலயே கட்சியில இருந்தவன். மருமகதான் ஆசையா சந்தனத்தைக் கரைச்சு வெச்சுது. கோயிலுக்குக் கொண்டு போங்க மாமான்னுது. மாட்டேன்னா மனசு நோகுமேன்னு போனேன். இப்பப் போயி அது செல்லாதுன்னு சொன்னா, பாவம், வருத்தப்படும். நீ அதுகிட்ட ஒண்ணும் சொல்லிடாத."

கரையில் நின்று யோசித்தேன். மருமகள், மாமனார், கதிர் என்று மூன்று பேர் ஒரு பாக்கெட்டைத் தொட முடியாத பொருளாக்கி வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருடைய நம்பிக்கைக்குக் காவல் நின்றார்கள். கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். பட்டியல்படி அதுதான் சரி. ஆனால் மருமகள் மாமனாருக்காகச் செய்ததும், மாமனார் மருமகளுக்காகச் செய்ததும் அந்த நிமிடத்திலேயே இரண்டு பொய்களாகிவிடும். பொய் என்று பேர் வைத்துவிட்டால் அடுத்த பட்டத்தில் அவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் எப்படிக் கேட்பார்கள்? மகேஸ்வரிக்கு வேண்டியது நல்ல பாக்கெட் மட்டும் இல்லை. இன்னும் ஒரு போகம் கவுனி போட, அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபட வேண்டும்.

குறை சொல்ல உட்காரும்போது, அந்தப் பொருளின் மேல் யார் யாருடைய மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதையும் சேர்த்து உரிக்காமல் குறையை மட்டும் எடுக்க வேண்டும். இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தர வராது. அன்று எனக்குத் தோன்றியதை மட்டும் சொல்கிறேன்.

கூடத்துக்குத் திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பாக்கெட்ல எதையும் மாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும். மேல ஒரு சீட்டு மட்டும் ஒட்டிடுவோம். ஊறவைக்கிற விஷயத்தை அதுல எழுதிடுவோம்."

மாமனார் மருமகளைப் பார்த்தார். மருமகள் மாமனாரைப் பார்த்தார்.

"ஒட்டுறதுல என்னங்க இருக்கு" என்றார் மகேஸ்வரி.

"அதானே, ஒட்டுறது மாத்துறதாகாது" என்றார் மாமனார், ஆகம விதியைச் சொல்பவர் போல.

கதிர் மட்டும் என்னைத் தனியாக இழுத்தார். "அக்கா, ஸ்டிக்கரா? அந்தக் கறுப்பு மேலயா? நான் அந்தப் பின்பக்கத்தைக் காலியா விட்டதே..."

"தெரியும். உங்க வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

கதிர் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

சென்னைக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, திருவாரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையைப் பிடித்தோம். ஸ்டிக்கர் தாள் இல்லை. வெள்ளைத் தாளும் காலை நேரத்தில் விண்ணப்பங்களுக்குத் தீர்ந்துவிட்டது. துண்டு நோட்டீசுக்கு வாங்கி வைத்த ரோஸ் தாள்தான் இருந்தது. கடைக்காரரே தட்டச்சு செய்தார். அவரிடம் இருந்தது ஒரே ஓர் எழுத்துரு. எல்லாக் கண்ணீர் அஞ்சலிக்கும் அதைத்தான் போடுவாராம். 'முதல் நாள் இரவே ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரிலேயே குக்கரில் வேகவையுங்கள்.' கதிர் வெளியே போய் நின்றுகொண்டார்.

கத்தரித்து, பசை தடவி, காரின் மேலேயே வைத்து ஒட்டினோம். வெயிலில் பசை காய்வதற்குள் ஒட்டியாக வேண்டும். ஒன்று இடப்பக்கம் சரிந்தது, ஒன்று வலப்பக்கம். ஒன்றின் ஓரம் மடிந்துவிட்டது. கதிரும் ஒட்டினார், பாவம். கறுப்பும் தங்கமும் போட்ட பட்டுச்சேலையில் யாரோ துண்டு நோட்டீசை ஒட்டிய மாதிரி இருந்தது.

"மேடம், இதை ரிவியூ பண்ணிட்டீங்களா?" என்றார். கோபமாகத்தான்.

"பண்ணிட்டேன். படிக்க முடியுது."

மாலைப் பேருந்தில் பார்சல் போனது. சனிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிறு முழுக்க மகேஸ்வரி எனக்கு மூன்று தடவை 'ஏதாவது தகவல் உண்டாங்க' என்று அனுப்பினார். முதல் நாள் இரவு ஊறவைத்தால்தான் மறுநாள் சமைக்க முடியும், ஆகவே ஒரு நாள் தள்ளிப் போவது நல்லதுதான் என்று பதில் அனுப்பினேன். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை மதியம் மகேஸ்வரி கூப்பிட்டார். முதலில் சிரிப்புதான் வந்தது. "பூ மாதிரி வெந்துச்சாம் மேடம். மூட்டை எல்லாத்தையும் அனுப்பச் சொல்லிட்டாங்க. அடுத்த அறுவடையும் வேணுமாம். மாமா இப்பவே யார்கிட்ட இன்னும் குத்தகைக்குக் கேக்கலாம்னு கிளம்பிட்டாங்க." பிறகு, "உங்ககிட்ட அந்தக் கடை அம்மா பேசணுங்கறாங்க" என்றார்.

அந்த அம்மாள் பேசினார். அரிசியைப் பற்றி இரண்டு வார்த்தை. மீதி நேரமெல்லாம் ரோஸ் சீட்டைப் பற்றி.

"அந்தச் சீட்டு யாரு ஐடியா? அவ்ளோ அழகான கறுப்பு, அது மேல ஒரு விவசாயி வீட்டுக் கை வந்து ஒட்டின மாதிரி! அந்தக் கோணல் இருக்கே, அதுதான்! எங்க கடைல எல்லாரும் அதைத்தான் எடுத்து எடுத்துப் பாக்குறாங்க. தயவு செஞ்சு அதை அச்சடிச்சிடாதீங்க. கையாலதான் ஒட்டணும். கோணலாத்தான் ஒட்டணும்."

நான் கதிரிடம் சொன்னேன். அவர் அடுத்த மாதம் ஒரு விருதுக்கு அந்தப் பாக்கெட்டை அனுப்பினார். 'கச்சிதத்தின் மேல் மனிதக் கை குறுக்கிடும் கணம்' என்று அதற்கு ஒரு விளக்கமும் எழுதியிருந்தார். விருது கிடைத்தது. மேடையில் என்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார், ஆகவே அவர் நல்லவர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பெரிய ஆர்டர் கிளம்புவதற்கு முன் பார்வையிடுவது என் வேலை. மகேஸ்வரி ஊரிலிருந்து நான்கைந்து பெண்களை வேலைக்கு வைத்திருந்தார். கூடம் முழுக்கக் கறுப்புப் பாக்கெட்டுகள். ஸ்கேல் வைத்து, ஓரம் பிசகாமல், அச்சடித்தது போல ரோஸ் சீட்டை ஒட்டி அடுக்கியிருந்தார்கள். அவ்வளவு நேர்த்தி. ஒருவர் பெருமையாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். நானும் இந்த ஊர்தான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கொஞ்சம் கோணலா ஒட்டணும்" என்றேன்.

"கோணலாவா? ஏன்?"

"சென்னைல அப்படித்தான் கேக்குறாங்க."

ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேரா ஒட்டினா காசு தர மாட்டாங்களா? என்னடி இது அநியாயமா இருக்கு."

இன்னொருவர் ஒன்றை வேண்டுமென்றே தாறுமாறாக ஒட்டிக் காட்டினார். அது கொஞ்சம் அதிகம் என்றேன். அடுத்ததை ஒட்டினார். அது போதாது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கோணல் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று, பொறியியல் பட்டம் வாங்கிய நான், ஒரு பாக்கெட்டைக் கையில் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தேன்.

மகேஸ்வரி என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்களுக்கு இது பிடிச்சிருக்கா மேடம்? உண்மையைச் சொல்லுங்க."

"இல்லை."

"எனக்கும்தான். வெந்தாச் சரி, விடுங்க." வெளியே யாரோ கூப்பிட்டார்கள், நாற்றங்காலுக்கு விதை நெல் வந்திருந்தது. அடுத்த பட்டத்துக் கவுனி. அவர் போய்விட்டார்.

நேராக ஒட்டியவற்றை எல்லாம் தரம் குறைந்தவை என்று தனியாக எடுத்து வைத்தேன். அவை திருவாரூரில் உள்ளூர்க் கடைகளுக்குப் போயின. ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தன.